வாங்கிக்கொள்ளும் கருவி

காலை ஒன்பதே முக்கால்.
ஜெலுத்தோங் பேரங்காடியின் கண்ணாடிக் கதவுக்கு
வெளியே வெயில், உள்ளே ஏர்கோன்,
நடுவில் நான்.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் உண்டு,
உட்காரத்தான் கூடாது.
பெயர் மங்களேஸ்வரி.
சட்டைத் தகட்டில் இடம் போதாமல்
மங்களே என்று நிறுத்திவிட்டார்கள்,
யாரோ கூப்பிடுவதுபோல.

கையில் வெள்ளைத் துப்பாக்கி.
அழுத்தினால் எதுவும் பாயாது.

முதலில் குடையோடு ஆ லியான் அக்கா.
நெற்றியைக் காட்டமாட்டார்.
கதிர் மூளைக்குள் இறங்குகிறதாம், வாட்சப்பில் வந்ததாம்.
வளையல்காரனிடம் நீட்டுவதுபோல்
மணிக்கட்டை நீட்டுகிறார்.
முப்பத்து மூன்று புள்ளி எட்டு.
இந்தக் கணக்குப்படி அவர்
நேற்றே விறைத்திருக்க வேண்டும்.
உள்ளே போய்
இரண்டு கட்டு சாவிக் கீரையோடு வெளியேறுகிறார்.

மலாயில் சொல்லிப் பார்த்துவிட்டேன்:
இது எதையும் அனுப்புவதில்லை அக்கா,
உங்களிடமிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது,
அவ்வளவுதான்.
எல்லா உடம்பும் எந்நேரமும்
கண்ணுக்குத் தெரியாமல்
எதையோ விட்டுக்கொண்டே இருக்கிறதாம்.
பயிற்சி கொடுத்த பையன் சொன்னான்.
அரை மணி நேரப் பயிற்சி, சான்றிதழோடு:
வியர்வையைத் துடைக்கச் சொல்,
முடியை ஒதுக்கச் சொல்,
ஐந்து சென்டிமீட்டர், நேராக.
திருநீற்று நெற்றிகளுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.
புருவத்தின் மேல் ஓரமாய்
வெறும் தோல் தேடிக்கொள்கிறேன்.

ஆளில்லாத நேரத்தில்
கையில் கிடைத்ததைச் சுடுவேன்.
கதவைச் சுட்டால் 'லோ' என்கிறது.
தே தாரேக் பொட்டலத்தைச் சுட்டால் 'ஹை'.
இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினோரு டிகிரி,
மனிதர் எல்லாருக்கும் சேர்த்து
ஒதுக்கிய இடம் அதுதான்.

பதினொன்றரைக்கு
தலைக்கவசத்தின் வளையம் நெற்றியில் சிவந்த
ஒரு டெலிவரிப் பையன்.
பெயர் யுகேந்திரன், பிறகு பதிவேட்டில் பார்த்தது.
முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.
திரை சிவந்தது. கருவி கத்தியது.
வரிசை தானாகவே
இரண்டடி பின்னே போனது.

'வெயிலுக்கா. ஆயர் ஈத்தாமிலேர்ந்து வர்றேன்.
காய்ச்சலெல்லாம் இல்லக்கா.'

தெரியும் தம்பி.
உன் மோட்டாரின் இருக்கையைச் சுட்டாலும்
அதுவும் 'ஹை' என்றுதான் கத்தும்.
ஆனால் என் தலைக்கு மேல் கேமரா இருக்கிறது,
அதற்கும் மேல் என்சிக் ரோஸ்லான்.
நிழலில் பத்து நிமிடம்.
பிறகு இன்னொரு முறை.

சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்தான்.
இருவருக்கும் நடுவே மஞ்சள் டேப்பில் ஒரு பெருக்கல் குறி.
போன் அடித்தது. மலாயில் மன்னிப்புக் கேட்டான்.
மறுபடி அடித்தது. அரைகுறை ஹொக்கியனில் கேட்டான்.
நான்காவது நிமிடம்
ஆர்டர் வேறொருவனுக்குப் போய்விட்டது.
அது அவன் முகத்தில் ஏறியதைப் பார்த்தேன்.
இந்தக் கருவிக்கு அது எட்டாது.

பத்தாவது நிமிடம்: முப்பத்தாறு புள்ளி ஒன்பது.
'பாத்தீங்களா' என்றான்.
பார்த்தேன்.
இனி எதற்கு உள்ளே போவதென்று
அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும்.
ஆனாலும் போனான்.
ஒரு தண்ணீர் போத்தலோடு வந்தான்.
'சும்மா திரும்பக் கூடாதுல்ல.'

பதிவேட்டில் காவலாளிக்கும் ஒரு கட்டம் உண்டு.
கருவியை முடுக்கும் முன்பே தினமும் நிரப்பிவிடுவேன்:
முப்பத்தாறு புள்ளி ஐந்து.
இன்று என்னவோ, அவன் நிற்கும்போதே
என் நெற்றிக்கு நேரே திருப்பி அழுத்தினேன்.
தன்னைத்தானே சுட்டுக்கொண்டால்
எண் மறுபக்கம் வருகிறது,
எதிரே நிற்பவர்தான் படிக்க வேண்டும்.

குனிந்து படித்தான்.
'முப்பத்தேழு புள்ளி ஆறுக்கா'
என்றான், சிரிக்காமல்.
காலால் நாற்காலியைத் தள்ளினான்.
'பத்து நிமிஷம்.'

வெயிலா, வேறா, யார் சொல்வது.
வரிசையில் அடுத்து ஒரு பொடியன்,
ஏற்கெனவே இரண்டு கைகளையும் தூக்கியபடி.